எண்ணப்படாத செவிகள்

நீண்ட பதிவு. மறுக்க விரும்புவோர் முழுவதையும் வாசித்தபின் மறுக்க வேண்டுகிறேன்.

மொழியுரிமை பற்றிய விவாதம் எங்கு எழுந்தாலும் ஒரு வாதம் தவறாமல் வந்து சேர்கிறது. "சட்டம் எதற்கு, போராட்டம் எதற்கு? ஒரு மொழியைப் பேசுவோர் போதிய எண்ணிக்கையில் இருந்தால் சந்தை தானே அவர்களைத் தேடி வரும்" என்பது அதன் சாரம். இதற்குச் சான்றாக அமெரிக்காவின் ஸ்பானிய வானொலியைக் காட்டுவோர் உண்டு. ஆங்கிலம் கோலோச்சும் நாட்டில், திரைத்தொழிலின் தலைநகரான லாஸ் ஏஞ்சலிஸில், 97.9 பண்பலையில் ஒலித்த கே.எல்.ஏ.எக்ஸ். என்ற ஸ்பானிய இசை நிலையம் 1992ஆம் ஆண்டின் இலையுதிர்காலக் கணக்கெடுப்பில் ஆங்கில நிலையங்கள் அனைத்தையும் பின்தள்ளி முதலிடம் பெற்றது. மறியலும் இல்லை, மனுவும் இல்லை; சந்தை கொடுத்தது, மக்கள் பெற்றுக்கொண்டார்கள் என்று இவர்கள் கதையை முடிக்கிறார்கள்.

நிகழ்ச்சி உண்மை. அதிலிருந்து இவர்கள் பெறும் முடிபு பொய். அந்த நிலையத்தின் வரலாற்றை முன்னும் பின்னும் விரித்துப் பார்த்தால், சந்தை தன் செவியை எத்தனை காலம் பொத்திக்கொண்டிருந்தது என்பதும், அந்தக் கையை விலக்கியவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதும் விளங்கும்.

முதலில் 1992க்கு அறுபதாண்டு முன்னே செல்வோம். அதே லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில், பர்பேங்க் நகரின் கே.இ.எல்.டபிள்யூ. என்ற ஆங்கில நிலையத்தில், விடியற்காலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை பெத்ரோ கொன்சாலெஸ் என்ற மெக்சிக்கர் ஸ்பானிய மொழியில் பாட்டு நிகழ்ச்சி நடத்தினார். மெக்சிக்கப் புரட்சியில் பாஞ்சோ வில்லாவின் தந்தி இயக்குநராக இருந்தவர் அவர். 'லோஸ் மத்ருகதோரெஸ்', அதாவது வைகறையில் எழுவோர், என்பது அவருடைய குழுவின் பெயர். ஏன் விடியற்காலை? ஆங்கில விளம்பரதாரர் எவருக்கும் வேண்டாத நேரம் அது. ஆதலால் மலிவாகக் கிடைத்தது. வயலுக்கும் கட்டட வேலைக்கும் புறப்படும் மெக்சிக்கத் தொழிலாளர் விழித்திருக்கும் நேரமும் அதுவே. அன்றைய அமெரிக்காவில் ஸ்பானிய வானொலி என்பது பெரும்பாலும் இவ்வாறு ஆங்கில உரிமையாளரிடமிருந்து விலைக்கு வாங்கிய எச்ச நேரத்தில்தான் வாழ்ந்தது.

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் மெக்சிக்க வழியினர் பல லட்சம் பேர் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். கொன்சாலெஸ் அதைத் தம் நிகழ்ச்சியில் கண்டித்துப் பேசினார். 1934இல் பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டில் கைதாகி, ஐம்பதாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, சான் குவென்டின் சிறைக்குச் சென்றார். குற்றஞ்சாட்டிய பெண் பின்னர்த் தம் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார். ஆயினும் 1940 வரை அவர் சிறையிலேயே இருந்தார். விடுதலையானதும் நாடு கடத்தப்பட்டார். நேயர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களைத் தேடிச் சந்தை வரவில்லை. அவர்களை அறிந்து பேசிய மனிதர் சிறைக்குப் போனார்.

அடுத்தது டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ. வெராக்ரூஸ் மாநிலத்தில் பிறந்து வந்த ராவுல் கோர்தெஸ் அங்கே முதலில் செய்தித்தாளிலும், பின் ஆங்கில நிலையத்தில் நேரம் வாங்கி விற்கும் வேலையிலும் இருந்தார். வாடகை நேரத்தில் ஒரு மொழி நிலைத்து வாழ முடியாது என்பதைக் கண்டு, சொந்த நிலையத்துக்கு உரிமம் கேட்டார். போர்க்காலத்தில் அயல்மொழி ஒலிபரப்பு ஐயத்தோடு பார்க்கப்பட்டது. மெக்சிக்க வழியினரைப் போர் முயற்சிக்கு ஆதரவாகத் திரட்ட நிலையம் உதவும் என்று சொல்லித்தான் அவர் அந்தக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. 1946இல் கே.சி.ஓ.ஆர். ஒலிக்கத் தொடங்கியது. மெக்சிக்க வழி அமெரிக்கர் ஒருவருக்குச் சொந்தமான முதல் முழுநேர ஸ்பானிய நிலையம் என்று வானொலி வரலாறு அதைக் குறிக்கிறது.

இந்தக் கோர்தெஸை வணிகர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது வசதி. 1948இல் அவர் லூலாக் என்ற இலத்தீன் அமெரிக்கக் குடிமக்கள் சங்கத்தின் தேசியத் தலைவரானார். டெக்சஸ் பள்ளிகளில் மெக்சிக்க வழிக் குழந்தைகளைத் தனியே ஒதுக்கிவைப்பது சட்டத்துக்குப் புறம்பானது என அதே ஆண்டில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்த டெல்காடோ வழக்கு, அந்தச் சங்கத்தின் ஆதரவோடு நடந்தது. பாட்டு நிலையம் நடத்தியவரும் பள்ளிக் கதவைத் திறக்கப் போராடியவரும் ஒருவரே. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது நம் காலத்தின் பழக்கம். அவருக்கு அந்தச் சொகுசு இல்லை.

இப்போது 97.9க்கு வருவோம்.

1986இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் 63ஆம் முன்மொழிவை நிறைவேற்றி, ஆங்கிலத்தை மாநிலத்தின் ஆட்சிமொழியாக அரசமைப்பில் எழுதினார்கள். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாக்குகள் அதற்கு ஆதரவாக விழுந்தன. நான்காண்டு கழித்து எடுத்த 1990 மக்கள்தொகைக் கணக்கில் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் 88 லட்சம் மக்களில் 33 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இலத்தீன் அமெரிக்க வழியினர். மூவரில் ஒருவருக்கும் மேல். எண்ணிக்கை போதும் என்றால், எப்போதோ போதியிருக்க வேண்டும்.

கியூபாவில் வானொலி நடத்தி, புரட்சிக்குப் பின் வெளியேறிய ரௌல் அலார்கோன் 1983இல் தொடங்கிய ஸ்பானிஷ் பிராட்காஸ்டிங் சிஸ்டம் என்ற நிறுவனத்துக்கு 97.9 சொந்தமாக இருந்தது. 1992 ஆகஸ்டு வரை அது வேறு பெயரில், மெல்லிய காதற்பாடல்களை ஒலிபரப்பியது. ஆகஸ்டில் பெயரும் பாட்டும் மாறின. 'லா எக்கீஸ்' என்று தன்னை அழைத்துக்கொண்ட நிலையம் ராஞ்சேராவையும் பாந்தாவையும் ஒலிக்கத் தொடங்கியது.

பாந்தா என்பது மெக்சிக்கோவின் சினலோவா மாநிலத்துப் பித்தளை வாத்தியக் குழு இசை. கிளாரினெட், டிரம்பெட், டிரம்போன், டியூபா, பெருமுரசு ஆகியவை சேர்ந்து திருவிழாவில் முழங்குவது. ஹலிஸ்கோ மாநிலத்துக் குழுக்கள் டியூபாவை விலக்கி மின்கிதாரையும் மின்விசைப்பலகையையும் சேர்த்து அதைத் தெக்னோபாந்தா ஆக்கின. பாந்தா மாச்சோஸ் அவ்வகையில் பெயர்பெற்ற குழு. மெக்சிக்க நகரத்து நடுத்தர வகுப்பார் இதைப் பட்டிக்காட்டு ஓசை என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்ட ஓசையை வீட்டில் வைத்திருந்தவர்களே லாஸ் ஏஞ்சலிஸின் உணவகச் சமையலறைகளிலும் தையல் ஆலைகளிலும் தோட்டங்களிலும் வேலை செய்தவர்கள்.

சில மாதங்களில் அந்த நிலையம் நகரின் முதலிடத்துக்கு வந்தது. நாடறிந்த ஹோவர்ட் ஸ்டெர்னின் ஆங்கிலக் காலை நிகழ்ச்சியையும் அதன் காலை நிகழ்ச்சி தாண்டியது. வானொலித் தொழிலில் பலர் முதலில் நம்ப மறுத்தனர். கணக்கில் பிழை இருக்கும் என்றனர்.

இந்த நம்பாமையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரே ஆகஸ்டில் லட்சக்கணக்கானோர் எல்லை கடந்து வந்து சேரவில்லை. அவர்கள் முன்பே இருந்தார்கள். முன்பே இந்த இசையைக் கேட்டார்கள். 1992 மே மாதம் குலியாகானில் கொல்லப்பட்ட பாடகர் சலினோ சாஞ்சேஸின் ஒலிநாடாக்கள் லாஸ் ஏஞ்சலிஸின் திறந்தவெளிச் சந்தைகளிலும் சிறு கடைகளிலும் கைமாறிப் பரவியிருந்தன. அவற்றை வானொலி பரப்பவில்லை. காய்கறிக் கூடைக்குப் பக்கத்தில் ஒலிநாடா விற்ற தெருச்சந்தை அறிந்திருந்ததை, நீங்கள் போற்றும் அந்தப் பெருஞ்சந்தை அறியவில்லை. ஏனெனில் அது மனிதரை எண்ணுவதில்லை. விளம்பரதாரர் விலை கொடுக்கக்கூடிய மனிதரை மட்டும் எண்ணுகிறது.

"எப்படியோ எண்ணிவிட்டதல்லவா? தாமதமானாலும் நீதிதானே?" என்று கேட்பீர்கள். அதற்குப் பிந்தைய வரலாறே விடை.

முதலிடம் வந்தது, முதலிடத்துக்குரிய பணம் வந்ததா? அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பு ஆணையத்துக்காக நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஓர் ஆய்வின் தலைப்பே 'முதலிடமாக இருப்பது போதாதபோது' என்னும் பொருளுடையது. கறுப்பினத்தவர்க்கும் ஸ்பானிய மொழியினர்க்கும் ஒலிபரப்பும் நிலையங்கள், தம் நேயர் எண்ணிக்கைக்கு ஏற்ற விளம்பர வருவாயைப் பெறவில்லை என்பதை அது காட்டியது. சில விளம்பரதாரர்கள் 'ஸ்பானிய நிலையம் வேண்டாம்' என்று முன்கூட்டியே முகவர்களுக்குச் சொல்லிவைக்கும் வழக்கமும் அதில் பதிவாயிற்று. ஆணையம் 2007ஆம் ஆண்டின் இறுதியில்தான் இத்தகைய பாகுபாட்டை விளம்பர ஒப்பந்தங்களில் தடைசெய்யும் விதியை ஏற்றது. தடுத்தது அரசின் விதி. சந்தை தன்னைத் தானே திருத்திக்கொள்ளவில்லை.

எண்ணும் முறையும் இயற்கையின் கொடை அன்று. கே.எல்.ஏ.எக்ஸ். முதலிடம் பெற்ற நாளில் ஆர்பிட்ரான் நிறுவனம் நேயர்களிடம் காகித நாட்குறிப்பைக் கொடுத்து, ஒரு வாரம் கேட்டவற்றைக் கைப்பட எழுதச் சொல்லிக் கணக்கெடுத்தது. பின்னர் ஒலியில் மறைந்துள்ள குறியீட்டைத் தானே உணரும் சிறு கருவியை உடலோடு வைத்திருக்கும் முறை வந்தது. அதற்குத் தேர்ந்தெடுத்த மாதிரியில் சிறுபான்மையினர் போதிய அளவில் இல்லை என்று ஸ்பானிய நிலையங்களும் கறுப்பின நிலையங்களும் முறையிட்டன. நியூயார்க், நியூ ஜெர்சி மாநிலங்களின் தலைமை வழக்குரைஞர்கள் 2008 அக்டோபரில் வழக்குத் தொடுத்தார்கள். 2009 ஜனவரியில் மாதிரியைத் திருத்த நிறுவனம் உடன்பட்டது. அதே நகரம், அதே நேயர், அதே பாட்டு. எண்ணும் கருவி மாறினால் ஒரு மொழியின் 'தேவை' குறையுமென்றால், அந்தத் தேவை சந்தையின் இயல்பான குரல் என்று எப்படிச் சொல்வது?

இனி உடைமை. 1996இன் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரு நிறுவனம் நாடு முழுவதும் வைத்திருக்கக்கூடிய நிலையங்களுக்கான உச்சவரம்பை நீக்கியது. பெருநகரத்தில் எட்டு நிலையங்கள் வரை ஒரே கையில் இருக்க இடம் தந்தது. 1997 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் 101.9 அலைவரிசை, ஆங்கிலப் பாட்டிலிருந்து மெக்சிக்க வட்டார இசைக்கு மாறி, விரைவில் கே.எல்.ஏ.எக்ஸின் நேயர்களை ஈர்த்துக்கொண்டது. அதை நடத்திய நிறுவனமே 2003இல் தொலைக்காட்சிப் பெருநிறுவனமான யூனிவிஷனோடு இணைந்தது. விடியற்காலை எச்ச நேரத்தில் பிறந்த ஒலி, பங்குச்சந்தையின் உடைமையாயிற்று. சந்தை இந்த மொழியைக் கண்டுபிடித்தபோது, அதைப் பேசுவோரின் கையில் கொடுக்கவில்லை. தன் கையில் எடுத்துக்கொண்டது.

இங்கே என் துறையினரிடமிருந்து வரும் வேறொரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். "பாட்டு வானொலியால் மொழி வாழ்வதில்லை, ஃபிஷ்மனைப் படியுங்கள்" என்பார்கள். படித்தோம். ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இல் வெளியிட்ட நூலில் மொழி நகர்வின் தீவிரத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். வீட்டில் பெற்றோர் பிள்ளைக்கு மொழியைக் கையளிக்கும் ஆறாம் படியே அதில் அச்சாணி. வெகுமக்கள் ஊடகம் அதனினும் மிக மேலே உள்ள படி. அடித்தளத்தைக் கட்டாமல் ஊடகத்தில் உழைப்பைக் கொட்டாதீர் என்ற அவருடைய எச்சரிக்கை சரியானது. ஆனால் அதை 'ஊடகத்துக்கு வேலையே இல்லை' என்று மொழிபெயர்ப்பது ஃபிஷ்மனுக்கும் அநீதி.

லாஸ் ஏஞ்சலிஸில் நடந்ததைப் பாருங்கள். கே.எல்.ஏ.எக்ஸ். எழுச்சியோடு கெப்ராதீத்தா என்ற ஆட்டம் இளைஞரிடையே பற்றிப் பரவியது. கலிஃபோர்னியாவில் பிறந்து ஆங்கிலத்தில் படித்த பதின்வயதினர், பெற்றோர் ஊரின் தொப்பியையும் காலணியையும் அணிந்து, பள்ளிகளிலேயே ஆட்டக் குழுக்கள் அமைத்தார்கள். நேற்றுவரை நாணத்துக்குரியதாக இருந்த ஓசை இன்று பெருமிதமாயிற்று. மொழிக் கையளிப்பு என்பது இலக்கணம் மட்டும் அன்று. பிள்ளை அந்த மொழியை வாங்கிக்கொள்ள விரும்ப வேண்டும். அந்த விருப்பத்தை வீட்டுக்குள் தனித்து நின்று உண்டாக்க எந்தத் தாயாலும் முடியாது. வீதியும் அதே மொழியில் பாட வேண்டும்.

இதனால் மொழி நகர்வு நின்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் குடியேறியோரின் பேரக்குழந்தைகள் ஆங்கிலத்துக்கு நகர்வது நன்கு பதிவான போக்கு. ஸ்பானியமும் அதற்கு விலக்கன்று. 1998இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் 227ஆம் முன்மொழிவின் மூலம் இருமொழிக் கல்வியைப் பெருமளவு முடக்கினார்கள். வானொலி ஸ்பானியத்தில் பாடிக்கொண்டிருந்தபோதே வகுப்பறையின் ஸ்பானியக் கதவு சாத்தப்பட்டது. அந்தத் தடை நீங்க 2016இன் 58ஆம் முன்மொழிவு வரை, பதினெட்டாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு குழந்தையின் பள்ளிப்பருவம் முழுவதும் அந்தக் காத்திருப்பில் அடங்கிவிடும். சந்தை போதும் என்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்? முதலிடம் பெற்ற பாட்டு நிலையங்களால் ஒரு வகுப்பறையைக் காக்க முடியவில்லை. அதைச் சட்டம் பறித்தது. சட்டமே திருப்பித் தந்தது.

ஆயினும் பாட்டு நிலையத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் 2006ஐ விளக்க வேண்டும். ஆவணமின்றி நாட்டில் இருப்பதையே குற்றமாக்கும் மசோதா ஒன்றை அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை 2005 டிசம்பரில் நிறைவேற்றியது. 2006 மார்ச் 25 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்தில் அதற்கெதிராகத் திரண்டவர்கள், காவல்துறைக் கணக்கின்படியே ஐந்து லட்சம் பேர். அழைத்தவர்களில் முன்னின்றோர் மெக்சிக்க இசை நிலையங்களின் காலை நிகழ்ச்சியாளர்கள்: 101.9இன் பியோலின், அப்போது 97.9இல் இருந்த எல் குக்குய் முதலானோர். போட்டி நிலையங்களைச் சேர்ந்த அவர்கள் ஒரே குரலில் அழைத்தார்கள். வெள்ளை உடையில் வாருங்கள், அமெரிக்கக் கொடியை ஏந்துங்கள், குப்பையை அள்ளப் பை கொண்டு வாருங்கள் என்றார்கள். நகரத்தின் ஆங்கில ஊடகங்கள் அந்தக் கூட்டத்தின் பேரளவைக் கண்டு திகைத்தன. நாள்தோறும் விடியலில் அந்த மக்களோடு பேசியவர்களுக்குத் திகைப்பில்லை. அந்த மசோதா சட்டமாகவில்லை.

அந்த நிறுவனங்களைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. அவை இலாபத்துக்காக நடந்தவை, நடப்பவை. அந்த இலாபத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அறிய, லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே ஃபிரெஸ்னோவுக்குச் செல்ல வேண்டும்.

மெக்சிக்கோவிலிருந்து வந்தோர் அனைவர்க்கும் ஸ்பானியம் தாய்மொழி அன்று. வஹாக்கா மாநிலத்திலிருந்து கலிஃபோர்னியாவின் வயல்களுக்கு வந்தவர்களில் மிக்ஸ்டெக், சபோடெக் முதலிய தொல்குடி மொழிகளைப் பேசுவோர் பெருந்தொகையினர். அவர்களுக்கு ஸ்பானியமே ஆதிக்க மொழி. பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்து ஹார்வர்டில் சட்டம் பயின்ற மிக்ஸ்டெக் இனத்தவரான ஊகோ மொராலெஸ், ஃபிரெஸ்னோவில் வேறு பலரோடு சேர்ந்து ரேடியோ பிலிங்வே என்ற இலாப நோக்கற்ற வானொலியைத் தொடங்கினார். 1980 ஜூலை 4 அன்று அது ஒலிக்கத் தொடங்கியது. மிக்ஸ்டெக் மொழி நேயர்களுக்கான 'லா ஓரா மிஸ்தெக்கா' நிகழ்ச்சி அங்கேதான் இடம்பெற்றது. முதலிடத்துக்கு ஓடிய வணிக நிலையங்கள் இந்தச் செவிகளை எண்ணவில்லை. தக்காளி பறிக்கும் மிக்ஸ்டெக் தொழிலாளியை நோக்கி விளம்பரம் செய்ய எவரும் இல்லை. ஸ்பானியத்துக்கு ஆங்கிலச் சந்தை செய்ததை, மிக்ஸ்டெக்குக்கு ஸ்பானியச் சந்தை செய்தது. பொதுப்பணமும் நன்கொடையும் பிடிவாதமும் கொண்டு சிலர் அந்த இடைவெளியை அடைத்தார்கள்.

ஆகவே, 'சந்தை பார்த்துக்கொள்ளும்' என்ற சொல்லை யாரேனும் இனி உங்கள் முன் வைத்தால், மூன்றைக் கேளுங்கள். உரிமம் யார் கையில் இருக்கிறது? எண்ணுகிறவர் யார், எந்த முறையில் எண்ணுகிறார்? எண்ணியபின் முழு விலை கொடுக்கப்படுகிறதா? இம்மூன்றும் அரசியல் கேள்விகள். கொன்சாலெஸும் கோர்தெஸும் இவற்றுக்கு விடை தேடித்தான் உழைத்தார்கள். 1992இன் வெற்றியில் அவர்களுடைய பங்கை அழித்துவிட்டு, அறுவடை நாளில் மட்டும் வயலுக்கு வந்தவனைப் பயிரிட்டவன் என்று புகழ்வதை வரலாறு என்று ஒப்புக்கொள்ள முடியாது.

எண்ணிக்கையில் சிறிய மொழிகளுக்கு இந்த வேறுபாடு உயிர்ப்பிரச்சினை. 33 லட்சம் பேரைக் கொண்ட மொழியையே அத்தனை ஆண்டுகள் கேட்க மறுத்த சந்தை, சில ஆயிரம் பேர் பேசும் மொழியைத் தானே தேடி வரும் என்று நம்பச் சொல்பவர், அந்த மொழிக்கு இரங்கற்பா எழுதுகிறார்.

மறுப்போர் வருக, தரவோடு வருக.